மூடை வர வர நிரை வளர: டெஸ்க்டொப் செய்நிரலில் அட்டவணைக்கு நிரை சேர்ப்பது எப்படி?

அறுவடைக் காலத்தில் சம்மாந்துறைப் பக்கம் ஒரு நெல் கொள்வனவுக் களஞ்சியத்துக்குப் போனால், வாசலில் ட்ரக்டர் பெட்டிகளும் லொறிகளும் நிற்கும். உள்ளே தராசு. மூடை ஒவ்வொன்றாகத் தராசில் ஏறும். ஒருவர் எடையைச் சத்தமாகச் சொல்ல, இன்னொருவர் கொப்பியில் எழுதிக்கொண்டே போவார். கடைசி மூடை இறங்கிய பிறகு மொத்தத்தைக் கூட்டி, சாக்குக் கழிவைக் கழித்து, விலையால் பெருக்கிக் காசு கொடுப்பார்கள். இந்தக் கொப்பி வேலையைச் செய்யும் ஒரு சின்னச் செய்நிரலை, அதாவது கணினிப் புரோகிராமை, நாம் எழுதப் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். திரையில் ஓர் அட்டவணை இருக்கும். மூடை ஏற ஏற அதில் ஒரு நிரை கூட வேண்டும்.

குறுக்கே போவது நிரை, மேலிருந்து கீழே இறங்குவது நிரல். நம் அட்டவணையில் நான்கு நிரல்கள்: மூடை இலக்கம், எடை, கழிவு, தேறிய எடை. இவை மாறப்போவதில்லை. நிரைகளின் எண்ணிக்கைதான் பிரச்சினை. செய்நிரல் எழுதும் நாளில் அது யாருக்கும் தெரியாது. களஞ்சியத்தில் போய் "இன்றைக்கு எத்தனை மூடை வரும்?" என்று கேட்டுப் பாருங்கள். "வயல்காரர் கொண்டுவந்து இறக்கினாத்தானே தம்பி தெரியும்" என்றுதான் சொல்வார்கள். அது சரியான பதில். செய்நிரலும் அந்தப் பதிலுக்கு ஏற்றபடிதான் இருக்க வேண்டும்.

உதாரணங்களுக்கு, ஜாவா மொழியில் ஜன்னல், பட்டன், அட்டவணை போன்றவற்றைச் செய்ய ஆயத்தமாகக் கிடைக்கும் ஸ்விங் நூலகத்தை எடுத்துக்கொள்கிறேன். 1998 டிசம்பரில் ஜாவா 1.2 உடன் வந்தது. பழசுதான், ஆனாலும் இதில் விஷயம் ஒளிவு மறைவில்லாமல் தெரியும் என்பதால் கற்றுக்கொள்ள நல்லது. இங்கே புரிந்துகொள்வதை வேறு மொழிகளுக்கும் அப்படியே கொண்டுபோகலாம்; கடைசியில் அதையும் பார்ப்போம்.

முதலில் மனதில் தோன்றும் வழிகள்

ஸ்விங்கில் அட்டவணைக்குப் பெயர் ஜேடேபிள். புதிதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் இதை இரண்டு அணிகளைக் கொடுத்து உருவாக்குவார்கள். அணி என்றால் அரே. ஓர் அணியில் தரவுகள், மற்றதில் நிரல்களின் தலைப்புகள். ஓடவிட்டால் அட்டவணை அழகாகத் தெரியும். ஆனால் ஜாவாவில் ஓர் அணியின் நீளம் உருவாகும்போதே முடிவாகிவிடும். பத்து நிரைக்கு இடம் வைத்தால் பத்துத்தான். பதினோராவது மூடைக்கு இடமில்லை.

அப்படியானால் தொடக்கத்திலேயே இருநூறு வெற்று நிரைகளை வைத்துவிட்டு ஒவ்வொன்றாக நிரப்பினால் என்ன என்று கேட்கத் தோன்றும். முப்பது மூடை மட்டும் வந்த நாளில் நூற்றெழுபது வெற்று நிரைகள் திரையில் தொங்கும். மொத்தம் கூட்டும்போது ஒவ்வொரு வெற்று நிரையையும் பார்த்துப் பார்த்துத் தாண்ட வேண்டும். ஒன்றைத் தாண்ட மறந்தால் செய்நிரல் பிழை காட்டி நின்றுவிடும். இருநூற்றோராவது மூடை வந்தால் பழைய இடத்துக்கே வந்து நிற்போம்.

இன்னொரு வழி, மூடை வரும் ஒவ்வொரு முறையும் பெரிய அணியாக ஒன்றை உருவாக்கி, அதை வைத்துப் புதிய அட்டவணை செய்து, பழையதைத் தூக்கிவிட்டுப் புதியதை அந்த இடத்தில் வைப்பது. இது வேலை செய்யும். ஆனால் பயனர் இழுத்து வைத்த நிரல் அகலம் போய்விடும், தெரிவு செய்திருந்த நிரை போய்விடும், ஸ்க்ரோல் மேலே ஏறிவிடும். எழுதிக்கொண்டிருப்பவருக்கு ஒவ்வொரு மூடைக்கும் திரை ஒருமுறை துள்ளும். அவசரமான இடத்தில் இப்படி ஒன்றைக் கொடுத்தால் இரண்டாம் நாளே கொப்பிக்குத் திரும்பிவிடுவார்கள்.

அட்டவணையிடம் தரவு இல்லை

இந்தக் கட்டுரையில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான். திரையில் தெரியும் அட்டவணைக்குள் எந்தத் தரவும் இல்லை. அது வேறோர் இடத்தில் இருக்கும் தரவைப் பார்த்து வரைந்து காட்டுகிறது, அவ்வளவுதான். நெற்றியில் பொட்டு வைக்க வேண்டுமென்றால் முகத்தில்தான் வைக்க வேண்டும். கண்ணாடியில் வைத்தால் ஆகாது. முகத்தில் வைத்தால் கண்ணாடியில் தானாகத் தெரியும்.

தரவை வைத்திருக்கும் அந்த இடத்துக்கு மாடல் என்று பெயர். இப்படித் தரவையும் காட்சியையும் பிரித்து வைக்கும் சிந்தனை ஸ்விங்குக்கு முந்தியது. நோர்வே நாட்டவரான ட்ரிக்வே ரீன்ஸ்கௌக் 1979இல் அமெரிக்காவின் ஸெரொக்ஸ் பார்க் ஆய்வகத்தில் வேலை செய்தபோது இதை முன்வைத்தார். திரையில் ஜன்னல்களும் பட்டன்களும் புதிதாக வந்துகொண்டிருந்த காலம் அது. இன்று நாம் பயன்படுத்தும் டெஸ்க்டொப் நூலகங்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வடிவத்தில் இந்தப் பிரிப்பைப் பின்பற்றுகின்றன.

ஆகவே "அட்டவணையில் எப்படி ஒரு நிரையைச் சேர்ப்பது?" என்ற கேள்வியையே கொஞ்சம் மாற்ற வேண்டும். மாடலில் ஒரு நிரையைச் சேர்ப்பது எப்படி, சேர்த்ததை அட்டவணைக்குத் தெரியப்படுத்துவது எப்படி, இந்த இரண்டும்தான் கேள்வி. ஜேடேபிளில் நிரை சேர்க்கும் மெத்தட் (பெயர் சொல்லி அழைத்தால் ஒரு வேலையைச் செய்யும் கட்டளைத் தொகுப்பு) ஒன்றைத் தேடிக் கிடைக்காமல் குழம்புபவர்கள் பலர். அது அங்கே இருக்காது. மாடலில் இருக்கும்.

செய்து பார்ப்போம்

ஸ்விங் நமக்காக ஆயத்தமாக ஒரு மாடலைத் தருகிறது. அதன் பெயர் டிஃபால்ட் டேபிள் மாடல். செய்நிரலுக்குள் எழுதும்போது மூன்று சொற்களையும் இடைவெளி இல்லாமல் சேர்த்து, ஒவ்வொன்றின் முதல் எழுத்தையும் பெரிய எழுத்தாகப் போட வேண்டும். இதை உருவாக்கும்போது இரண்டு விஷயங்களைக் கொடுங்கள்: நிரல் தலைப்புகள் நான்கும் அடங்கிய ஓர் அணி, அதன் பின் பூச்சியம் என்ற எண். பூச்சியம் என்றால் தொடக்கத்தில் ஒரு நிரையும் வேண்டாம் என்று அர்த்தம்.

அடுத்து ஜேடேபிளை உருவாக்கி, அடைப்புக்குள் இந்த மாடலைக் கொடுங்கள். பிறகு டேபிளை, ஸ்க்ரோல் செய்யும் வசதி தரும் சட்டமான ஒரு ஜேஸ்க்ரோல்பேனுக்குள் வைத்து, அந்த ஸ்க்ரோல்பேனை ஜன்னலில் சேருங்கள். டேபிளை நேரடியாக ஜன்னலில் சேர்த்தால் தலைப்பு நிரை தெரியாது. நிரல்களுக்குப் பெயர் இல்லாத அட்டவணையைப் பார்த்துவிட்டு எங்கே பிழை என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

இப்போது எடையை எழுத ஒரு பெட்டியும் "சேர்" என்று ஒரு பட்டனும் வையுங்கள். பட்டனை அழுத்தியதும் நடக்க வேண்டியவை இவை: பெட்டியில் உள்ள எழுத்துகளை எடுத்து எண்ணாக மாற்ற வேண்டும். கழிவைக் கழித்துத் தேறிய எடையைக் கணக்கிட வேண்டும். நான்கு பெறுமதிகளையும் நிரல்களின் ஒழுங்கிலேயே ஓர் அணியில் போட்டு, மாடலின் ஆட் ரோ மெத்தடுக்குக் கொடுக்க வேண்டும். இதில் ஆட் சிறிய எழுத்தில், ரோவின் முதல் எழுத்து பெரியதாக. சாக்குக்கு 1 கிலோ கழிவு என்று வைத்தால், 68.4 கிலோ மூடைக்கு நாம் கொடுக்கும் அணியில் 1, 68.4, 1, 67.4 என்று நான்கு எண்கள் இருக்கும். அந்த ஒரு வரி ஓடியவுடன் திரையில் நிரை தோன்றும். டேபிளிடம் நாம் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கொடுக்கும் அணியில் நிரல்களை விடக் குறைவாகப் பெறுமதிகள் இருந்தால் மிச்சக் கட்டங்கள் வெறுமையாகும். கூடுதலாக இருந்தால் மிச்சம் சத்தமில்லாமல் வெட்டப்படும். பிழைச் செய்தி எதுவும் வராது, ஆகவே ஒழுங்கையும் எண்ணிக்கையையும் நீங்கள்தான் பார்க்க வேண்டும். பெட்டியில் எண்ணுக்குப் பதிலாக வேறேதும் எழுதியிருந்தால் எண்ணாக மாற்றும் இடத்தில் பிழை எழும். அதைப் பிடித்து, பயனருக்குச் சொல்லிவிட்டு, நிரை சேர்க்காமல் நிறுத்துங்கள்.

ஜாவா எழுத உதவும் மென்பொருளான நெட்பீன்ஸில் எலியால் இழுத்து விட்டு ஜன்னல் வடிவமைப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. நெட்பீன்ஸ் தரும் டேபிளில் ஏற்கெனவே நான்கு வெற்று நிரைகள் இருக்கும். நீங்கள் சேர்க்கும் முதல் மூடை ஐந்தாவது நிரையாகக் கீழே போய் உட்காரும். மேலே நான்கு வெற்றுக் கோடுகள் ஏன் என்று தெரியாமல் திணறுவீர்கள். ஜன்னல் திறக்கும் இடத்தில் மாடலின் செட் ரோ கவுன்ட் மெத்தடுக்குப் பூச்சியத்தைக் கொடுத்தால் அவை போய்விடும். பழைய நிரைகளை எல்லாம் துடைத்துவிட்டு அடுத்த வயல்காரருக்குப் புதுக் கணக்குத் தொடங்கவும் இதே மெத்தட் போதும்.

டேபிளிடமிருந்து மாடலைக் கேட்டு வாங்கி, அதை டிஃபால்ட் டேபிள் மாடல் என்று வகை மாற்றிப் பயன்படுத்தும் வழக்கமும் உண்டு. நெட்பீன்ஸ் டேபிளில் அது சரிவரும். ஆனால் இரண்டு அணிகளைக் கொடுத்து உருவாக்கிய டேபிளுக்குள் இருப்பது டிஃபால்ட் டேபிள் மாடல் அல்ல, வேறொன்று. அங்கே வகை மாற்றினால் கிளாஸ் காஸ்ட் எக்ஸெப்ஷன் என்ற பிழை வந்து செய்நிரல் நிற்கும். மாடலை நீங்களே உருவாக்கி ஒரு மாறியில் வைத்துக்கொண்டால் இந்தத் தலையிடியே இல்லை.

உள்ளே நடப்பது

ஆட் ரோ அழைத்ததும் மாடல் இரண்டு வேலைகளைச் செய்கிறது. முதலாவது, தன்னிடமுள்ள பட்டியலின் கடைசியில் புதிய நிரையை வைக்கிறது. அந்தப் பட்டியல் ஒரு வெக்டர். அணியைப் போல நீளம் இறுகியதல்ல. இடம் நிரம்பினால் இரண்டு மடங்கு பெரிய இடத்தை எடுத்து, உள்ளதை அங்கே நகர்த்திக்கொள்ளும். ஒவ்வொரு மூடைக்கும் இந்த நகர்த்தல் நடப்பதில்லை, எப்போதாவதுதான் நடக்கும். அதனால் நூறு மூடையோ ஆயிரம் மூடையோ, சேர்ப்பது ஒரே வேகத்தில் போவதுபோல்தான் தெரியும்.

இரண்டாவது, இத்தனையாவது இடத்தில் ஒரு நிரை புகுந்திருக்கிறது என்று அறிவிக்கிறது. மாடலோடு இணைந்த நேரத்திலேயே டேபிள் இந்த அறிவிப்புகளைக் கேட்கும் லிசனராகத் தன்னைப் பதிந்துவிடும். அறிவிப்பு வந்ததும் தன் உயரத்தைத் திருத்தி, தேவையான இடத்தை மறுபடி வரைகிறது.

இந்த இரண்டாவது வேலையின் அருமை, சொந்தமாக மாடல் எழுதும்போது தெரியும். கொஞ்சம் பழகிய பிறகு நீங்களும் அதற்கு வருவீர்கள்: மூடையின் விவரங்களை வைக்க ஒரு கிளாஸ் எழுதி, அந்த மூடைகளை வளரக்கூடிய பட்டியலான ஓர் அரே லிஸ்டில் வைத்து, ஸ்விங் பாதி செய்து தரும் ஆப்ஸ்ட்ராக்ட் டேபிள் மாடலை நீட்டி உங்கள் மாடலைச் செய்வீர்கள். எத்தனை நிரை, எத்தனை நிரல், இந்தக் கட்டத்தில் என்ன என்ற மூன்று கேள்விகளுக்கு அது பதில் சொன்னால் போதும். அங்கே லிஸ்டில் ஒரு மூடையைச் சேர்த்த பிறகு, ஃபயர் டேபிள் ரோஸ் இன்சர்ட்டட் என்ற மெத்தடை நீங்களே அழைக்க வேண்டும். தொடக்க நிரையின் சுட்டி (எத்தனையாவது இடம் என்று காட்டும் எண்), கடைசி நிரையின் சுட்டி என்று இரண்டு எண்களைக் கேட்கும். ஒரே நிரையென்றால் இரண்டும் ஒன்றே. சுட்டி பூச்சியத்தில் தொடங்கும் என்பதால், முப்பதாவது மூடைக்கு 29, 29 என்று கொடுக்க வேண்டும்.

இதை அழைக்க மறந்தால்? தரவு சேர்ந்திருக்கும், திரையில் ஒன்றும் தெரியாது. ஜன்னலைப் பெரிதாக்கிச் சிறிதாக்கினால் திடீரென்று நிரை தெரிந்தாலும் தெரியும். "சேர்த்தேன், ஆனால் காட்டவில்லை" என்று யாராவது வந்து கேட்டால் நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்த அறிவிப்பு போகிறதா என்பதைத்தான்.

எண்ணை எண்ணாகவே வையுங்கள்

பெட்டியில் இருந்து வரும் எடை எழுத்துகளாகத்தான் வரும். அதை அப்படியே மாடலில் போட்டாலும் திரையில் வித்தியாசம் தெரியாது. எடைப்படி வரிசைப்படுத்தும்போதுதான் விஷயம் வெளிப்படும். எழுத்துகளாக ஒப்பிட்டால் 102 கிலோ மூடை 68 கிலோவுக்கு முன்னால் வந்து நிற்கும், ஏனென்றால் 1 என்ற எழுத்து 6க்கு முந்தியது. எண்ணாக மாற்றிப் போட்டாலும் இன்னொரு வேலை மிச்சம். டிஃபால்ட் டேபிள் மாடல் எல்லா நிரல்களையும் பொதுவான ஒப்ஜெக்ட் வகை என்றே சொல்லும். கெட் கொலம் கிளாஸ் என்ற மெத்தடை மீளெழுதி, இந்த நிரல் எண் வகை என்று சொன்னால்தான் வரிசைப்படுத்தல் சரியாகும். கூடவே எண்கள் வலப்பக்கமாக ஒதுங்கி நிற்கும், மேலிருந்து கீழே வாசிக்கக் கண்ணுக்குச் சுகம்.

காசும் எடையும் சம்பந்தப்பட்ட இடத்தில் தசம எண்களை டபிள் வகையில் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கணினி 0.1ஐயும் 0.2ஐயும் டபிளாகக் கூட்டினால் 0.30000000000000004 என்று விடை சொல்லும். மூடை கூடக் கூட இந்தத் துளிகளும் சேரும். எடையைக் கிராமில் முழு எண்ணாகவும், காசைச் சதத்தில் முழு எண்ணாகவும் வைத்து, காட்டும்போது மட்டும் கிலோவாகவும் ரூபாவாகவும் மாற்றுங்கள். இல்லையென்றால் தசமத்தைப் பிசகாமல் வைக்கும் பிக் டெசிமல் வகையைப் பயன்படுத்துங்கள்.

இன்னொன்று. டிஃபால்ட் டேபிள் மாடலில் எல்லாக் கட்டங்களும் திருத்தக்கூடியவை. இரண்டு தரம் கிளிக் செய்து எந்த எடையையும் மாற்றிவிடலாம். ஒரு போகம் முழுக்க உழைத்த வயல்காரரின் காசு அந்த நிரலில் இருக்கிறது. இஸ் செல் எடிட்டபிள் மெத்தடை மீளெழுதி இல்லை என்று சொல்ல வைத்து, திருத்தம் தேவையென்றால் அதற்கெனத் தனி வழி வையுங்கள். எங்கேயாவது கட்டத்துக்குள்ளேயே திருத்த விட்டால், திருத்திக்கொண்டிருக்கும் பெறுமதி அந்தத் திருத்தம் முடியும் வரை மாடலுக்குப் போகாது என்பதை மறக்க வேண்டாம். எழுதி முடித்து என்டர் அடிக்காமல் அச்சிடு பட்டனை அழுத்தினால் பழைய எண்தான் அச்சாகும்.

மொத்தத்தை எங்கே வைப்பது? அட்டவணையின் கடைசி நிரையாக வைக்க ஆசை வரும். வைக்காதீர்கள். புதிய மூடை அதற்குக் கீழே போய்விடும், வரிசைப்படுத்தினால் மொத்தம் நடுவில் வந்து நிற்கும். அட்டவணைக்குக் கீழே தனியாக ஒரு லேபலில் காட்டுங்கள். டேபிளைப் போல நீங்களும் மாடலின் அறிவிப்பைக் கேட்கலாம்: மாடலில் ஒரு லிசனரைச் சேர்த்து, மாற்றம் வரும்போதெல்லாம் எல்லா நிரைகளையும் கூட்டி லேபலில் எழுதினால், சேர்த்தாலும் நீக்கினாலும் மொத்தம் தானே சரியாகும். அந்த லிசனருக்குள் இருந்து அதே மாடலின் பெறுமதியை மாற்ற மட்டும் போகக் கூடாது. மாற்றினால் மறுபடி அறிவிப்பு, மறுபடி லிசனர் என்று முடிவில்லாமல் சுழன்று செய்நிரல் விழுந்துவிடும்.

எழுதுபவரின் கை

தராசடியில் இருப்பவர் எலியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. எடையை எழுதினார், என்டர் அடித்தார், அடுத்த எடை: இப்படிப் போக வேண்டும். எடைப் பெட்டிக்கே ஒரு அக்ஷன் லிசனரைச் சேர்த்தால் என்டர் அடிக்கும்போது அது வேலை செய்யும். பட்டனுக்கும் பெட்டிக்கும் ஒரே லிசனரைக் கொடுத்துவிடலாம். நிரை சேர்ந்ததும் பெட்டியை வெறுமையாக்கி, கர்சரை மறுபடி அங்கேயே கொண்டுவாருங்கள். மூடை இலக்கத்தைச் செய்நிரலே போடட்டும்.

நிரைகள் கூடினால் புதியது திரைக்குக் கீழே மறைந்துவிடும். அது தானாக ஸ்க்ரோல் ஆகாது. புதிய நிரையின் கட்டம் எங்கே இருக்கிறது என்று டேபிளிடம் கேட்டு, அந்த இடம் தெரியும்படி ஸ்க்ரோல் செய்யச் சொல்ல வேண்டும். கெட் செல் ரெக்ட், ஸ்க்ரோல் ரெக்ட் டு விசிபிள் என்ற இரண்டு மெத்தட்களும் அதற்குத்தான்.

தலைப்புகளைத் தமிழில் வைப்பதில் ஒரு தடையும் இல்லை. விண்டோஸில் ஜாவா 18க்கு முந்திய பதிப்பு இருந்தால், கம்பைல் செய்யும்போது ஃபைல் யூடிஎஃப் 8 (தமிழ் உட்படப் பல மொழி எழுத்துகளைச் சேமிக்கும் முறை) என்று சொல்ல வேண்டியிருக்கும். 2022இல் வந்த ஜாவா 18 முதல் அதுவே இயல்பு. எழுத்துக்குப் பதிலாகக் கட்டங்கள் தெரிந்தால் நிர்மலா யூஐ அல்லது லதா எழுத்துருவைக் கொடுங்கள். டேபிளுக்கும் அதன் தலைப்புக்கும் எழுத்துருவைத் தனித்தனியாகத்தான் கொடுக்க வேண்டும். நிரையின் உயரம் வழக்கமாக 16 பிக்சல். தமிழ் எழுத்துகளின் மேலும் கீழும் வரும் குறிகள் வெட்டுப்படாமல் இருக்க அதையும் கொஞ்சம் கூட்டுங்கள்.

நீக்கும்போது

சேர்ப்பதை விட நீக்குவதில்தான் பிழைகள் அதிகம். மாடலின் ரிமூவ் ரோ மெத்தடுக்கு நிரையின் சுட்டியைக் கொடுத்தால் அந்த நிரை போய்விடும். எந்த நிரை தெரிவாகியிருக்கிறது என்று டேபிளிடம் கேட்கலாம். ஒன்றும் தெரிவாகாவிட்டால் கழித்தல் 1 என்று பதில் வரும். அதைச் சோதிக்காமல் நீக்கப் போனால் பிழைதான்.

பல நிரைகளை ஒன்றாக நீக்கும்போது கீழிருந்து மேலே வாருங்கள். 3, 5, 7 ஆகிய சுட்டிகளில் உள்ளவற்றை நீக்க வேண்டும் என்போம். முதலில் 3ஐ நீக்கினால் கீழே உள்ள எல்லாம் ஒரு படி ஏறிவிடும். நீங்கள் 5 என்று நினைத்தது இப்போது 4இல் இருக்கும். 5ஐ நீக்கினால் வேறொருவரின் மூடை போகும். 7, 5, 3 என்று வந்தால் இந்தச் சிக்கல் இல்லை.

வரிசைப்படுத்தல் இருக்கும்போது இன்னும் கவனம் தேவை. பயனர் எடைத் தலைப்பைக் கிளிக் செய்து வரிசையை மாற்றினால் மாடலில் ஒன்றும் இடம் மாறாது, காட்சி மட்டுமே மாறும். திரையில் முதலாவதாக நிற்கும் மூடை மாடலில் இருபதாவதாக இருக்கலாம். டேபிள் சொல்வது திரையில் உள்ள சுட்டி, ரிமூவ் ரோ எதிர்பார்ப்பது மாடலில் உள்ள சுட்டி. கன்வர்ட் ரோ இன்டெக்ஸ் டு மாடல் என்ற மெத்தட் ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாற்றித் தரும். தெரிவான எல்லாச் சுட்டிகளையும் முதலில் மாற்றி, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, அப்புறம் நீக்குங்கள். மேலே ஸ்க்ரோல் செய்யச் சொன்ன இடத்திலும் இதன் மறுபக்கம் வேண்டும்: அங்கே மாடல் சுட்டியைத் திரைச் சுட்டியாக மாற்ற வேண்டும்.

உண்மையில், கொள்வனவுக் கணக்கில் நிரையை நீக்கவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஐந்தாவதாக ஒரு நிரலை வைத்து, பிழையான மூடைக்கு "இரத்து" என்று குறியுங்கள். கூட்டும்போது அதை விட்டுவிடுங்கள். மூடை இலக்கம் நடுவில் விடுபடாமல் இருக்கும், யார் கேட்டாலும் காட்டலாம்.

தராசே நேராகப் பேசும்போது

மின்னணுத் தராசுகளில் சில, எடையைக் கேபிள் வழியாகக் கணினிக்கு அனுப்பும். அதை வாசிக்கும் பகுதி தனி த்ரெட்டில், அதாவது செய்நிரலுக்குள் சமாந்தரமாக ஓடும் தனி வேலை ஓட்டத்தில், ஓட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த எடைக்காகக் காத்திருக்கும் நேரமெல்லாம் ஜன்னல் உறைந்து நிற்கும். ஆனால் அந்தத் த்ரெட்டில் இருந்து நேரடியாக ஆட் ரோ அழைக்கக் கூடாது. ஸ்விங்கில் திரையைத் தொடும் வேலைகள் எல்லாம் ஈவென்ட் டிஸ்பாட்ச் த்ரெட் என்ற ஒரே த்ரெட்டில்தான் நடக்க வேண்டும். மாடலை மாற்றினால் டேபிளுக்கு அறிவிப்புப் போகும், டேபிள் வரையத் தொடங்கும் என்பதால் அதுவும் திரையைத் தொடும் வேலைதான். ஸ்விங் யூட்டிலிட்டிஸில் உள்ள இன்வோக் லேட்டர் மெத்தடுக்குள் ஆட் ரோ வரியை வைத்தால், அது சரியான த்ரெட்டுக்குப் போய்ச் சேரும். இதைச் செய்யாமல் விட்டால் பிழை ஒவ்வொரு தடவையும் வராது. நெரிசலான நாளில், எப்போதாவது வரும். அப்படிப்பட்ட பிழையைக் கண்டுபிடிப்பதுதான் மிகக் கஷ்டம்.

மின்சாரம் போனால்

மாடல் இருப்பது நினைவகத்தில். செய்நிரல் மூடினால் அதுவும் போய்விடும். 2022இல் இலங்கையில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனதை நாம் எல்லாரும் பார்த்தோம். ஆகவே கடைசியில் ஒரே தடவையாகச் சேமிப்போம் என்று விட்டுவிட வேண்டாம். எஸ்கியூலைட் ஒரே ஃபைலில் அடங்கும் தரவுத்தளம், தனியாகச் சேர்வர் தேவையில்லை. ஒவ்வொரு மூடையையும் முதலில் அதில் எழுதி, எழுதியது சரி என்று பதில் வந்த பிறகு மாடலில் சேருங்கள். இந்த ஒழுங்கு முக்கியம். திரையில் தெரிவதெல்லாம் டிஸ்க்கிலும் இருக்கிறது என்று அப்போதுதான் நம்பலாம்.

மறுபடி திறக்கும்போது தரவுத்தளத்தில் உள்ளதை வாசித்து மாடலை நிரப்ப வேண்டும். ஆயிரக்கணக்கில் இருந்தால், முதலில் மாடலை முழுவதும் நிரப்பிவிட்டு அப்புறம் டேபிளுக்குக் கொடுங்கள். கேட்க ஆளில்லாத நேரத்தில் அறிவிப்புகள் சுமையில்லை.

வேறு மொழிகளில்

சீ ஷார்ப் மொழியில் விண்டோஸ் ஃபோர்ம்ஸ் என்ற திரை நூலகத்தை வைத்து எழுதுபவர்களுக்கு டேட்டா கிரிட் வியூ இருக்கிறது. 2005இல் டொட் நெட் 2.0 உடன் வந்தது. அதன் ரோஸ் தொகுப்பில் ஆட் அழைத்து நேரடியாகச் சேர்க்கலாம். தரவை இணைத்துக் காட்டுவதென்றால் சாதாரண லிஸ்டைக் கொடுக்காதீர்கள், அது அறிவிப்பு அனுப்பாது, சேர்த்தது திரையில் தெரியாது. பைண்டிங் லிஸ்ட் கொடுங்கள். டொட் நெட்டின் இன்னொரு திரை நூலகமான டபிள்யூபிஎஃப்பில் இதே இடத்தில் ஒப்சர்வபிள் கலெக்ஷன், ஜாவாவின் இன்னொரு திரை நூலகமான ஜாவா எஃப்எக்ஸில் ஒப்சர்வபிள் லிஸ்ட். பைத்தனின் திரை நூலகமான டிகிண்டரில் ட்ரீ வியூவின் இன்சர்ட் மெத்தடுக்கு எண்ட் என்ற சொல்லைக் கொடுத்தால் நிரை கடைசியில் சேரும். அங்கே தனி மாடல் கிடையாது, ஆகவே தரவின் பட்டியல் ஒன்றை நீங்களே பக்கத்தில் வைத்திருப்பது நல்லது.

சீ ப்ளஸ் ப்ளஸ் மொழியின் திரை நூலகமான க்யூட்டியில் எளிய வழி க்யூ டேபிள் விட்ஜெட். இப்போது எத்தனை நிரை என்று கேட்டு, அந்த இடத்தில் இன்சர்ட் ரோ செய்து, பிறகு ஒவ்வொரு கட்டமாக செட் ஐட்டம் செய்ய வேண்டும். வரிசைப்படுத்தல் இயங்கும் நிலையில் இதைச் செய்தால் ஒரு விபரீதம் நடக்கும்: எடைக் கட்டத்தை நிரப்பியதும் நிரை தன் சரியான இடத்துக்கு ஓடிவிடும்; நீங்கள் பழைய சுட்டியை வைத்துக்கொண்டு மிச்சக் கட்டங்களை வேறொரு மூடையின் நிரையில் எழுதிக்கொண்டிருப்பீர்கள். நிரை சேர்க்கும் முன் வரிசைப்படுத்தலை நிறுத்துங்கள், நான்கு கட்டங்களும் நிரம்பிய பிறகு மறுபடி இயக்குங்கள்.